எட்டுக் கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடு: டெல்டா கல்லூரிகளில் கிடைக்கும் மாணவர் உதவிகள் பற்றி ஒரு மதிப்புரை

காவிரி டெல்டாவில் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, அரசு கலைக் கல்லூரியில் சேரும் ஏழை வீட்டுப் பெண்ணுக்கு இன்று கிடைக்கும் உதவிகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், அவளுடைய தாய் படிப்பை நிறுத்திய காலத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்கு அவை பெருகியிருப்பது தெரியும். இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மாதந்தோறும் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவாகிறது. சாதாரண நகரப் பேருந்தில் பயணச்சீட்டுக்குக் காசு தேவையில்லை. அரசு விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் உணவுக்கும் தங்குவதற்கும் செலவில்லை. ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு மதிப்பிட்டால், இது நல்ல சேவை என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் இந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி, பணமில்லாத ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. குடும்பமே சிதைந்துபோன பிள்ளை, அல்லது குடும்பத்தை விட்டு விலகி நின்றால்தான் படிக்க முடியும் என்ற நிலையில் உள்ள பிள்ளை வந்து நிற்கும்போது, எந்தப் படிவத்தை எடுத்துக் கொடுப்பது என்று அலுவலகத்துக்குத் தெரிவதில்லை.

மன்னார்குடி வட்டாரத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பழைய மாணவர்களுக்குத் துணையாகக் கல்லூரி அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், வங்கி, விடுதி என்று பல ஆண்டுகளாகப் போய் வருவதால், இந்தச் சேவையை அதன் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. நான் குறை சொல்லும் இடங்களில் கல்லூரியின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதப்போவதில்லை. அந்தக் குறைகள் ஏதோ ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியவை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

முதலில், நிறைவாகச் செயல்படும் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுமைப் பெண் என்று எல்லோரும் அழைக்கும் திட்டத்தின் முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 1989-இல் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டமாகத் தொடங்கப்பட்டது, 2022 செப்டம்பர் 5 அன்று உயர்கல்வி உதவியாக உருமாறியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி, பட்டப்படிப்போ பட்டயப்படிப்போ தொழிற்பயிற்சியோ முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் பெறுகிறாள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது பின்னர் விரிவாக்கப்பட்டது. வருமான வரம்பு இல்லை, சாதி வரம்பு இல்லை. அப்பா என்ன வேலை செய்கிறார், எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்ற கேள்விகளே இல்லை. பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாள், எந்தக் கல்லூரியில் படிக்கிறாள் என்ற இரண்டையும் பதிவேட்டில் பார்த்துவிட்டுப் பணத்தை அவளுடைய கணக்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான் அறிந்த உதவிகளிலேயே உடைந்த வீட்டுப் பிள்ளைக்கு மிக எளிதாகக் கைக்கு வருவது இதுதான். வரம்பு வைத்துச் சலித்தெடுக்காததே அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

அந்தப் பெயரும் பொருத்தமாக அமைந்துவிட்டது. திருவாரூரில் பிறந்து, மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார், தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர் என்ற அளவில் பலருக்கும் தெரிந்தவர். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டதால், வறுமை தாங்காத தாய் அவரைச் சிறு வயதிலேயே ஒரு தேவதாசியின் வீட்டில் கொடுத்துவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இன்று அவர் ஒரு கல்லூரியில் சேர வந்திருந்தால், இந்த 1,000 ரூபாயைத் தவிர மற்ற எல்லா உதவிகளுக்கும் அப்பாவின் கையெழுத்தைக் கேட்டு அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கும்போது சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

மாணவர்களுக்கு இதே தொகையை வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோயம்புத்தூரில் தொடங்கியது. இரண்டு திட்டங்களுக்கும் பொதுவான ஒரு சிக்கல் வங்கிக் கணக்கில் இருக்கிறது. பள்ளிக் காலத்தில் உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கில் அப்பாவின் பெயரும் சேர்ந்திருக்கும். பணம் எடுக்கும் அட்டை அவர் சட்டைப் பையில் இருக்கும். குறுஞ்செய்தி அவர் கைப்பேசிக்குப் போகும். குடிப்பழக்கம் உள்ள தந்தையிடம் மாதம் தவறாமல் 1,000 ரூபாய் சேர்ந்தால் அது எங்கே போகும் என்பதை டாஸ்மாக் கடை இருக்கும் எந்த ஊரிலும் விளக்க வேண்டியதில்லை. பெண் கல்லூரியில் சேர்ந்தபோது பதினேழு வயதே நிரம்பியிருந்தால், கணக்கைத் தனியாகத் தன் பெயரில் மாற்றிக்கொள்வதும் அவளுக்கு எளிதாக இருப்பதில்லை. திட்டம் அப்பாவைக் கேட்கவில்லை, வங்கி கேட்கிறது. முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுக வகுப்பு நடத்தும் கல்லூரிகள், ஒரு வங்கி அலுவலரை அழைத்து, பதினெட்டு நிறைந்தவுடன் கணக்கை மாற்றுவது எப்படி என்று அரை மணி நேரம் பேச வைத்தால் இது தீர்ந்துபோகும். ஒரே ஒரு கல்லூரியில் மட்டும் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். வரலாற்றுத் துறைப் பேராசிரியை ஒருவர் தாமாகவே செய்த ஏற்பாடு அது.

இந்த 1,000 ரூபாய் எதற்குப் போதும் என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. பள்ளியில் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. கல்லூரியில் அரசு உணவு என்று எதுவும் இல்லை. அரசு கலைக் கல்லூரிகளில் பல இரண்டு சுழற்சிகளாக இயங்குகின்றன. முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலைச் சுழற்சிக்கு வரும் பிள்ளை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். வீட்டில் அம்மா இருந்தால் பழைய சோறாவது உள்ளே போயிருக்கும். அம்மா இல்லாத வீட்டில், அல்லது அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் வீட்டில், முந்தைய இரவின் பசியோடுதான் அந்தப் பிள்ளை முதல் பாடவேளையில் உட்கார்ந்திருக்கும். மாத உதவியில் பெரும்பகுதி பேருந்து நிலையத்து டீக்கும் பன்னுக்கும், நகல் எடுக்கும் கடைக்கும், தேர்வுக் கட்டணத்துக்கும் போய்விடுகிறது. வகுப்பில் மயங்கி விழும் மாணவியைப் பற்றிப் பேசும்போது பேராசிரியர்கள் இரத்தசோகை என்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் அவள் காலையில் சாப்பிட்டாளா என்று யாராவது கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

பணம் வரும் காலத்தைப் பற்றி, டெல்டாவில் வாழ்பவர்கள் மட்டுமே உணரக்கூடிய ஒரு குறை உண்டு. கல்லூரிச் சேர்க்கை நடப்பது ஜூனிலும் ஜூலையிலும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும், கடைமடையான வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் தண்ணீர் வந்து சேர நாளாகும். குறுவை அறுவடை புரட்டாசியில். சம்பா அறுவடை தை, மாசியில். ஆடி மாதம் இந்த மண்ணில் கையில் காசில்லாத மாதம். நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கோ, நடவு தொடங்கும் வரை நூறு நாள் வேலையைத் தவிர வேறு வழியில்லை. அந்த மாதத்தில்தான் சேர்க்கைக்கும் சீருடைக்கும் விடுதி முன்பணத்துக்கும் சில ஆயிரம் ரூபாயைப் புரட்ட வேண்டியிருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை, ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மத்திய, மாநில அரசுகளின் பங்குத் தொகையாக நேரடியாக மாணவரின் கணக்குக்கு வருகிறது. நல்ல தொகைதான், ஆனால் என் அனுபவத்தில் அது ஆண்டின் பிற்பகுதியில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. தனியார் கல்லூரியில் சேர்ந்தவர்கள் முதலில் மகளிர் குழுக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, வட்டியோடு தவணை கட்டிக்கொண்டு உதவித்தொகைக்குக் காத்திருப்பார்கள். அந்தக் குழுவில் கடன் எடுக்க ஓர் அம்மா வேண்டும். அம்மா இல்லாத பிள்ளைக்கு அந்தக் கடனும் கிடையாது என்பதைச் சேர்க்கைப் பருவத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சான்றிதழ்களுக்கு வருகிறேன். இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாகச் செல்கிறது. சில நாளில் வந்துவிடுவதும் உண்டு, இழுப்பதும் உண்டு. அது பெரிய குறையன்று. குறை வேறிடத்தில் இருக்கிறது. குடும்ப அட்டையில் அப்பாவின் பெயர் இருக்கும் வரை அவருடைய வருமானம் குடும்பத்தின் வருமானம். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே வெளியூர் போய் இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டவர், இந்தப் பக்கம் ஒரு ரூபாயும் அனுப்பாதவர், காகிதத்தில் மட்டும் குடும்பத் தலைவராகத் தொடர்கிறார். கணவனால் கைவிடப்பட்டவர் என்று தாய் சான்று வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம்தான். ஆனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கே குறைந்தது ஐந்து ஆண்டுகள் கைவிடப்பட்டிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் தந்த பிரிவுச் சான்று வேண்டும் என்பது விதி. போன ஆண்டு போன கணவனை அந்த விதி கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தவிர, மகளின் கல்லூரிக்காக ஊரறியத் தன்னைக் கைவிடப்பட்டவள் என்று எழுதித் தர எந்தத் தாய்க்கும் மனம் எளிதில் வராது. வருவாய்த் துறை இதையெல்லாம் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கல்லூரி புரிந்துகொள்ளலாம்.

முதல் பட்டதாரி சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை தரும் இந்த ஏற்பாடு 2010-11 முதல் நடைமுறையில் இருக்கிறது. டெல்டாவில் எத்தனையோ பொறியாளர்கள் இதனால்தான் உருவானார்கள். வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்பதற்குச் சான்றும், மாணவரும் பெற்றோரும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழியும் வேண்டும். தாயும் தந்தையும் பேசிக்கொள்ளாத வீட்டில் அந்த உறுதிமொழியில் யார் கையெழுத்திடுவது என்ற சண்டையில், கலந்தாய்வுக்கு முந்தைய நாள் வரை ஒரு பையன் இரண்டு வீட்டுக்கும் நடுவே சைக்கிளில் அலைந்ததை நான் அறிவேன். கல்விக் கடனும் அப்படித்தான். 4 லட்சம் ரூபாய் வரை பிணை எதுவும் கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் பொது விதி. ஆனால் பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். பெற்றோரின் பெயரில் ஏற்கெனவே கட்டாத பயிர்க்கடன் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இத்தனைக்கும், பெரும்பாலான கல்லூரிப் படிவங்களில் 'தந்தை அல்லது பாதுகாவலர்' என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். விதியில் வழி இருக்கிறது, வழக்கத்தில் இல்லை. சேர்க்கை நாளில் ஒரு கல்லூரியின் அலுவலகத்தில், பாட்டியோடு வந்திருந்த மாணவனிடம் எழுத்தர் தலை நிமிராமலேயே, "அப்பாவ அழைச்சுக்கிட்டு வா தம்பி" என்றார். "அவன் அப்பன் எங்க இருக்கான்னு தெரிஞ்சா நாங்க ஏன்யா இங்க வரோம்?" என்று பாட்டி கேட்டபோது வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையன் சிரிக்கவில்லை. பாட்டியின் கையெழுத்தைப் பெற்று அவனைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல்வரைப் பார்த்த பிறகு எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் முதல்வரைப் பார்க்கும் அளவுக்குத் துணிவோடும், குரல் எழுப்பத் தெரிந்த ஒரு பாட்டியோடும் வருவதில்லை. ஏழாம் வகுப்பிலிருந்தே வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை, வரிசையில் இருபது பேர் கேட்க அப்பா ஓடிப்போய்விட்டார் என்று சொல்வதைவிட, கல்லூரியே வேண்டாம் என்று திரும்பிப் போவதை எளிதாக நினைக்கிறது. தனி மேசை ஒன்றைப் போட்டு, அங்கே ஒரு பேராசிரியையை உட்கார வைத்து, குடும்பச் சூழல் பற்றிப் பேச வேண்டியவர்கள் இங்கே வரலாம் என்று எழுதி வைப்பதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

அடுத்தது விடுதி. ஆதிதிராவிடர் நலத் துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையும் நடத்தும் கல்லூரி விடுதிகள் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் ஆகிய எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. இப்போது அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படி 2023-இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. அதற்குப் பிறகு சாம்பாரில் காய் தென்படத் தொடங்கியது என்று மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாளொன்றுக்கு 50 ரூபாயில் மூன்று வேளை என்ற கணக்கில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமுமில்லை. கட்டடங்களின் நிலை ஊருக்கு ஊர் மாறுகிறது. குளியலறைக் கதவைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மதிப்புரை முடியாது என்பதால் தாண்டிச் செல்கிறேன்.

நான் நின்று பேச விரும்புவது தொலைவு விதியைப் பற்றி. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். மாணவரின் வீடு கல்லூரியிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். தொலைவு விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. இந்த விலக்கை யார் எழுதினார்களோ அவர்களுக்கு வீடுகளைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. ஆனால் பையன்களுக்கு விலக்கில்லை. கல்லூரிக்கு மூன்று கிலோமீட்டரில் வீடு. அங்கே மாலையானால் அப்பாவின் கூச்சல், அடி, உடைந்த பாத்திரம். பதினெட்டு வயதுப் பையன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே நின்று இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலையில் கணிதத் தேர்வு எழுதப் போகிறான். அவனுக்கு விடுதி வேண்டும் என்று நான் கேட்டபோது, காப்பாளர் மிகுந்த பரிவோடுதான் பதில் சொன்னார்: தூரம் பற்றாது, விதி இடம் கொடுக்காது. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே உள்ள சாலையை அளக்கிறார்கள். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அளக்க அந்தப் படிவத்தில் இடமில்லை. மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுத்து இடம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது தயவாகக் கிடைப்பது. இந்தச் சேவையின் பகுதியாகக் கிடைப்பதன்று. துறைத் தலைவர் பரிந்துரைத்தால் தொலைவு விதியைத் தளர்த்தலாம் என்று ஒரு வரியைச் சேர்க்க அரசுக்கு ஒரு பைசாவும் செலவாகாது.

விடுமுறை நாட்களும் இதே கதைதான். பருவத்தேர்வு முடிந்தால், பொங்கல் வந்தால், கோடை தொடங்கினால் விடுதி பூட்டப்படும். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள் என்பது எண்ணம். போக ஊரில்லாதவர்கள் பூட்டிய நாளன்று யார் வீட்டுத் திண்ணைக்காவது போகிறார்கள், அல்லது ஈரோட்டுப் பக்கம் ஏதாவது கடையில் இரண்டு மாத வேலைக்குப் போகிறார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் அடுத்த பருவத்துக்குத் திரும்புவதில்லை. வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே ஒரு கோடு விழும்; இடைநின்றவர் என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

இந்த மண்ணுக்கு இது புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமும் அன்று. தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்களைப் பற்றிச் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், வழிப்போக்கருக்குச் சோறு போட்டதோடு அங்கே பள்ளியும் நடந்தது என்றும், ஆதரவற்று வந்து சேர்ந்த பிள்ளைகளை ஆசிரியர் பொறுப்பில் விட்டு உணவளித்து வளர்த்தார்கள் என்றும் குறிப்பு இருக்கிறது. உன் ஊர் எத்தனை காதம் என்று கேட்டுவிட்டா அந்தப் பிள்ளைகளுக்கு இலை போட்டிருப்பார்கள்?

பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளின் நிலை ஒரு விதத்தில் தெளிவானது, ஏனெனில் சட்டம் அவர்களைக் கண்டுகொள்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்தவர்களில் சிலர் பட்டம் பெற்று, வேலைக்குப் போய், மணமுடித்துச் சென்ற செய்திகளை இந்தப் பகுதியில் பலரும் அறிவார்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, காப்பகத்திலிருந்து 18 வயதில் வெளியேறுபவருக்குப் பொருளுதவி வழங்க இடமளிக்கிறது. விதிகளின்படி இந்தப் பின்தொடர் பராமரிப்பு 21 வயது வரையிலும், தேவையானால் 23 வயது வரையிலும் நீளலாம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டுதலில் இதற்கான மாதத் தொகை 4,000 ரூபாய். மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இவையெல்லாம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாக நடப்பவை. அந்த அலகு ஆட்சியர் வளாகத்தில் இருக்கிறது. கல்லூரி ஊரின் மறுகோடியில் இருக்கிறது. ஒன்றின் பெயரை மற்றொன்று கேள்விப்பட்டிருக்கவே இல்லை. உதவித்தொகைப் பிரிவில் பொறுப்பாக வேலை செய்யும் ஓர் அலுவலரிடம் பின்தொடர் பராமரிப்பு பற்றிக் கேட்டபோது, அது பிரசவத்துக்குப் பிந்தைய திட்டமா டீச்சர் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. யாரும் அவருக்கு ஒரு சுற்றறிக்கைகூட அனுப்பியதில்லை.

மனம் சார்ந்த உதவியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது, ஏனெனில் சொல்ல அதிகம் இல்லை. தரமதிப்பீட்டுக் குழுவின் வருகைக்காக, ஒவ்வொரு இருபது மாணவருக்கும் ஒரு வழிகாட்டி ஆசிரியர் என்று பட்டியல் போட்டு, குறிப்பேடு ஒன்றையும் கல்லூரிகள் வைத்திருக்கின்றன. குறிப்பேட்டில் எல்லாப் பக்கங்களிலும் ஒரே கையெழுத்தில் 'மாணவர் நலம்' என்றிருக்கும். உண்மையில் பிள்ளைகளின் பேச்சைக் கேட்பவர்கள், பணி நிரந்தரம் இல்லாமல் குறைந்த ஊதியத்தில் ஆண்டுகளைக் கடத்தும் கௌரவ விரிவுரையாளர்கள். தாங்களும் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதால் இருக்கலாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைக் கல்லூரிச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். இரவிலும் தமிழில் பேசுகிறார்கள் என்பதால் அதைப் பயனுள்ளது என்றே சொல்வேன். ஆனால் ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் யாரைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர் அருகிலேயே படுத்திருப்பார்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியின் பெருமையைப் பேசுபவர்கள் எல்லோரும் இராமானுஜனைச் சொல்வார்கள். 1904-இல் உதவித்தொகையோடு அங்கே சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றவற்றில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். தேறாததற்குத் தண்டனை இருந்தது. ஏன் தேறவில்லை என்று உட்கார்ந்து கேட்பதற்கு ஏற்பாடு இல்லை. நூற்றிருபது ஆண்டுகளில் உதவித்தொகைகள் பெருகியிருக்கின்றன. கேட்கும் ஏற்பாடு மட்டும், அன்றுபோலவே, நல்ல மனம் படைத்த தனிமனிதர்களை நம்பித்தான் இருக்கிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. இதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இடம் பிடிக்கும் மதிப்பெண் இருந்தால், நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகம் உட்பட எங்கு சேர்ந்தாலும் வீட்டை நம்பாமல் படித்து முடிக்கலாம். தத்தளிக்கும் வீட்டில் அந்த மதிப்பெண்ணை எடுப்பதுதான் கடினம்.

கடைசியாக ஒரு பாராட்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் எங்கும் சேராத மாணவர்களைத் தேடி அழைத்து வந்து மாவட்ட நிர்வாகம் நடத்தும் 'உயர்வுக்குப் படி' முகாமில், கல்லூரிகள், வங்கி, வருவாய்த் துறை, விடுதி என்று எல்லோரும் ஒரே மண்டபத்தில் உட்காருகிறார்கள். வெளியே வாரக் கணக்கில் இழுக்கும் சான்றிதழ் அங்கே மதியத்துக்குள் கையில் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்பா எங்கே என்று கேட்ட எழுத்தருக்குப் பக்கத்து மேசையிலிருந்த வட்டாட்சியர் பதில் சொல்லிவிட்டார். பிள்ளை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்லூரிகள் ஆண்டு முழுவதும் செய்ய வேண்டியதை இவர்கள் ஒரு நாள் செய்து காட்டுகிறார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அந்த மண்டபத்தில் ஒரு மேசை போட்டால் இன்னும் நல்லது.

பணத்துக்கு ஐந்தில் நான்கு தருவேன். விடுதிக்கு, மாணவி என்றால் மூன்றரை, மாணவன் என்றால் இரண்டு. அலுவலக நடைமுறைக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. வரும் ஆண்டில் இப்படிப்பட்ட பிள்ளையைச் சேர்க்கப்போகும் பாட்டிகளுக்கும் சித்திகளுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்ல வேண்டியவை இவை: தேர்வு முடிவு வரும் வரை காத்திராமல் சித்திரையிலேயே வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் பிள்ளையின் குடும்பச் சூழலைக் குறித்து ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டப்படி அதற்கு மதிப்பில்லாவிட்டாலும் முதல்வரின் அறைக்குள் அது வேலை செய்கிறது. பெற்றோர் இல்லாத பிள்ளை என்றால் கல்லூரிக்குப் போகும் முன்பே ஆட்சியர் வளாகத்துக்குப் போங்கள். படிவத்தில் பாதுகாவலர் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதைச் சுட்டிக்காட்டிக் கையெழுத்திடுங்கள். விடுதியில் இடம் கிடைத்தால், சேரும் அன்றே காப்பாளரிடம் கேளுங்கள்: பொங்கலுக்கு விடுதி எத்தனை நாள் பூட்டியிருக்கும், அந்த நாட்களில் பிள்ளை எங்கே இருப்பது?